பாவாடைக்கு இன்னொரு பெண்

தன் புருஷனுக்குத் தானே பெண் பார்க்கக் கிளம்பியபோது ஜெயம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. புருஷன் பாவாடைக்கு அறுபது. கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, அவனை ஜன்னலோரமாக உட்காரவைத்து, சலவை வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்குப் போகிறோம் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. பஸ்ஸில் போகிறோம் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படியும் ஒரு கூத்து உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள்தாம் ஏற்பாடு செய்தவர்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலையை உரித்துக்கொண்டிருந்தவள், மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கள்ளக்குறிச்சி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், மூடி மறைக்காமல் பேசினார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம். செய்யாவிட்டால் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம். செய்யும்போதே ஏதாவது ஆனாலும் ஆகலாம், அதற்கும் கையெழுத்துப் போட வேண்டும். பிழைத்து வந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

"வூட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரரு இருக்காருங்க."

"அவரு உங்கள பாத்துக்குவாரா?"

"அவர நான்தாங்க பாத்துக்கணும்."

பாவாடைக்குப் பைத்தியம் கிடையாது. இதை ஊருக்குச் சொல்லிச் சொல்லி ஜெயம்மாளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அறிவு வளர்கிற வயசில் வளராமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். புல் அறுப்பான், மாட்டைக் குளிப்பாட்டுவான், சொன்ன இடத்தில் சொன்னபடி மடை திருப்புவான். ஆனால் சட்டைக்குப் பொத்தான் போட வராது. போதும் என்று யாராவது சொல்லும் வரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். தனியாக விட்டால் ரோட்டைத் தாண்டத் தெரியாது. தலைக்கு ஊற்று, முதுகுக்கு ஊற்று, போதும் எழுந்திரு என்று பக்கத்தில் ஒருவர் நின்று சொன்னால்தான் குளியல் முடியும். முப்பத்திரண்டு வருஷமாக அந்த ஒருவர் ஜெயம்மாள்.

அந்த ஒருவராக ஜெயம்மாள் எப்படி ஆனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரே பந்தலில் இரண்டு தாலி ஏறியது. ஜெயம்மாளின் அண்ணன் நாராயணசாமி பாவாடையின் தங்கை விஜயலட்சுமியைக் கட்டினான்; பாவாடை ஜெயம்மாளைக் கட்டினான். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. செலவு மிச்சம், உறவு கெட்டி என்பார்கள். விஜயலட்சுமி மூக்கும் முழியுமாக இருப்பாள், எட்டாவது வரை படித்தவள். அவளைக் கேட்டுப் பத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவளைப் பெற்ற கொளஞ்சியம்மாள் எல்லாரிடமும் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள்: என் பெண் வேண்டுமானால் என் மகனுக்குப் பெண் கொடு. தான் கண்ணை மூடிய பிறகு மகனுக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கவலைக்கு அந்த அம்மாள் கண்டுபிடித்த வழி அது. அந்த வழிக்குத்தான் ஜெயம்மாள் என்று பெயர்.

பெண் பார்க்க வந்தபோது பாவாடை வாயைத் திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்றார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் மாமியார் மகனை முற்றத்தில் உட்காரவைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, "நாளையிலேருந்து இத நீ பண்ணும்மா" என்று சொன்னபோதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு ஓடினாள். அப்பா வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார்.

"நீ வந்துட்டா அவங்க வூட்டு பொண்ணும் கெளம்பி போயிடும். உங்கண்ணன் வாழ்க்கை நாறிப் பூடும். யோசிச்சிக்க."

யோசிக்க அவளுக்கு என்ன இருந்தது? திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாராயணசாமி பெண்டாட்டியோடு சண்டை போட்டு ஓர் அறை விட்டான் என்றால், இங்கே ஜெயம்மாளுக்கு ஒரு வேளைச் சோறு நிற்கும். விஜயலட்சுமிக்கு அவன் கம்மல் வாங்கிக் கொடுத்தால், இங்கே மாமியார் முகம் கொஞ்சம் தெளியும். விஜயலட்சுமிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஜெயம்மாளுக்கு இல்லை. ஏன் இல்லை என்று ஊர் அவளைத்தான் கேட்டது.

பாவாடையை அவள் வெறுத்தாளா என்றால், இல்லை. வெறுக்கும்படி அவன் ஒன்றும் செய்ததில்லை. அவளை வைத்து அவனுக்கு ஒரு வழி செய்தார்களே, அவர்களைத்தான் வெறுத்தாள். வாயைத் திறந்து சொல்லாமலே முப்பத்திரண்டு வருஷம் வெறுத்தாள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று தெரிந்ததும் ராதிகா வீட்டுக்கு வந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்காக ஊர் ஊராக ஸ்கூட்டியில் சுற்றும் பெண். கையில் ஒரு படிவம் இருந்தது. என்ன சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், யார் குளிக்கவைப்பது என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்வி. கடைசியில், உங்களுக்குப் பிறகு யார் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் வர வேண்டும், அந்த ஆள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், பிறகு கலெக்டர் ஆபீஸில் ஒரு கமிட்டி விசாரித்து அவரைச் சட்டப்படி பாதுகாவலராக ஆக்கும்.

"மொதல்ல அவர்கிட்ட கேப்பமாக்கா?" என்றாள் ராதிகா.

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். அவரு யார்கூட இருக்கணும்னு அவர கேக்காம எப்படி எழுதறது?"

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராதிகா சிரிக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"அண்ணே, அக்கா ஆஸ்பத்திரிக்கு போறாங்க. நீங்க யார்கூட இருப்பீங்க?"

"ஜெயாகூட."

"அவங்க இங்க இருக்க மாட்டாங்கண்ணே."

"வருவா," என்றான் பாவாடை.

ராதிகா அதையும் எழுதிக்கொண்டாள். அது ஜெயம்மாளுக்குப் பிடித்திருந்தது. அறுபது வருஷத்தில் அவன் பேச்சை ஒரு தாளில் எழுதிக்கொண்ட முதல் ஆள் அந்தப் பெண்தான்.

கட்டத்தில் விஜயலட்சுமி பெயரை எழுதலாம் என்று தோன்றியது. கூடப் பிறந்தவள். போதாததற்கு அவள் வாழ்க்கைக்கு ஈடாகப் போனதே ஜெயம்மாளின் வாழ்க்கைதானே, அந்த உறுத்தலாவது இருக்காதா? ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகாமல் முதலில் இரண்டு மூன்று நாள் பழக்கிப் பாருங்கள் என்று ராதிகா சொல்லியிருந்தாள். புதுச்சேரியில் டெஸ்ட் எடுக்கப் போன மூன்று நாளும் அவனைக் கச்சிராயபாளையத்தில் அண்ணன் வீட்டில் விட்டாள். என்னென்ன செய்ய வேண்டும் என்று அண்ணியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அண்ணி தலையைத் தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்தபோது அவன் மோட்டார் கொட்டகைக்குள் இருந்தான். வெளியே தாழ்ப்பாள். ஜெயம்மாள் விட்டுவிட்டுப் போன அதே சட்டை. உள்ளேயே ஒன்றுக்குப் போயிருந்தான்.

"இன்னா பண்ண சொல்ற?" என்றாள் விஜயலட்சுமி. "வெடிஞ்சா போதும், நேரா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடுது. நீ எறங்குவன்னு ஒவ்வொரு பஸ்ஸா பாத்துகினு நிக்குது. எவன் வண்டியிலயாச்சும் அடிபட்டா யாரு பதில் சொல்றது? எனுக்கும் சுகரு, முட்டி வலி. ராத்திரி பகலா பாத்துகினு இருக்க முடியுமா, நீயே சொல்லு?"

ஜெயம்மாள் கொட்டகைப் பக்கம் நடந்தாள். தாழ்ப்பாளை நீக்கியபோது அவன் கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. "பஸ் லேட்டா?" என்றுதான் கேட்டான். அண்ணி இருந்த பக்கம் திரும்பாமல் அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்தது இல்லம். ராதிகா இரண்டு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் இடம் இவனைப் போன்றவர்களுக்கானதுதான். ஆனால் அங்கே நாற்பத்தைந்து வயசுக்குமேல் புதிதாகச் சேர்ப்பதில்லை. முதியோர் இல்லத்தில் கேளுங்கள் என்றார்கள். முதியோர் இல்லத்தில் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கேஸெல்லாம் எங்களால சமாளிக்க முடியாதும்மா, அதுக்குன்னு தனியா இல்லம் இருக்குது, அங்க கேளுங்க" என்றார்கள். அங்கே முத்தினவன், இங்கே முதியவன் இல்லை. கிழவனாகும் வரை இப்படிப்பட்டவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்று எந்தச் சட்டம் போட்டவனும் நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"வேற எடம் பாக்கலாங்க்கா. எனக்கு ஒரு ரெண்டு மாசம் டைம் குடுங்க," என்றாள் ராதிகா. அவள் முகமே சுண்டிப்போயிருந்தது.

ஆபரேஷனுக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் நாராயணசாமி பைக்கில் வந்து இறங்கினான். மோட்டார் கொட்டகை விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் தெளிச்சி இருந்தது.

"எதுக்கு நீ இல்லம், கமிட்டின்னு அலையற? நாங்க இல்லியா? வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஒரு எடம் பாத்து வெச்சிருக்கன். நம்ம ஆளுங்கதான், கூலிக்கு மலைக்கு போயி அங்கியே தங்கிட்ட குடும்பம். பொண்ணுக்கு முப்பத்திமூணு வயசு. கட்டனவன் சரியில்ல, வுட்டுட்டு வந்து அண்ணன் வூட்ல இருக்குது. கோயில்ல வெச்சி மச்சானுக்கு ஒரு மஞ்ச கயிறு கட்ட வெச்சிட்டா முடிஞ்சிது. உன்னையும் பாத்துக்கும், அவரையும் பாத்துக்கும்."

ஜெயம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் உசுரோட இருக்கறப்பவா?"

"ரிஜிஸ்டர் பண்ணாத்தான கேஸு? சும்மா பேருக்கு ஒரு கயிறு. கயிறு இல்லாம வந்து இருந்தா ஊரு நாலு விதமா பேசும், அந்த பொண்ணுக்குதான் அசிங்கம். அந்த கமிட்டி பேப்பருல வேணும்னா எம்பேர போட்டுக்க. நெலம் ரெண்டு காணியையும் நான் பாத்துக்கறன்."

எல்லாம் எவ்வளவு கச்சிதம்! நிலத்துக்கு அண்ணன், வேலைக்கு ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் ஒரு தாளிலும் வராது. ஜெயம்மாளுக்காவது ஊரறிய ஒரு பந்தல் போட்டார்கள்.

"அந்த பொண்ணுகிட்ட இவரப் பத்தி இன்னா சொல்லியிருக்கீங்க?"

"வயசானவரு, சாது, வம்பு தும்புக்கு போவ மாட்டாருன்னு சொல்லியிருக்குது. பொய் இல்லியே."

ஜெயம்மாள் மூன்று நாள் யோசித்தாள். போய் அந்தப் பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது, கேட்டதும் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அதோடு முடிந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரச் சம்மதித்தாள். ஆனால் ராத்திரியில் நெஞ்சு அடைத்துக்கொண்டு எழுந்து உட்காரும்போது வேறு மாதிரி இருந்தது. அந்தப் பெண் சரி என்று சொல்லிவிட்டால்? சொல்லட்டுமே. நான் செத்துப்போன மறுநாள் இந்த ஆளை எவள் குளிக்கவைப்பாள்? இந்த இரண்டு மனசோடும்தான் அவள் பஸ் ஏறினாள்.

பஸ் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறியது. பாவாடை ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள்மேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தான். அருவிப் பக்கம் குரங்குகளைப் பார்த்ததும் பஸ் முழுக்கக் கேட்கும்படி அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். முன்சீட்டுப் பையன்கள் திரும்பிப் பார்த்து ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். ஜெயம்மாள் அவர்களை முறைத்த முறைப்பில் இரண்டு பேரும் முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

வெள்ளிமலையில் நாராயணசாமி பைக்கோடு நின்றிருந்தான். மெயின் ரோட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வீடு. தகரம் போட்ட ஒற்றை அறை, பக்கத்தில் பாறைமேல் சீவிக் காயப்போட்ட மரவள்ளிக் கிழங்கு. பெண்ணின் அண்ணன் வீரமணி வாங்க வாங்க என்று பாயை உதறிப் போட்டான். அவன் பெண்டாட்டி கதவோரம் நின்று, பாவாடையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். இந்த ஆள் எப்படி இருந்தாலும் சரி, நாத்தனார் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

பெண்ணோடு தனியாகப் பேச வேண்டும் என்று ஜெயம்மாள் கேட்டாள். நாராயணசாமி முகத்தைச் சுளித்தான். அவள் அதைப் பார்க்காததுபோல் பின்பக்கம் போய்விட்டாள்.

எழில்மதி அங்கே அடுப்பில் டீத்தண்ணீர் வைத்திருந்தாள். ஒல்லியான பெண். இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் விறைத்து நின்றது. ஜெயம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தா பாரும்மா. எங்கூட்டுக்காரருக்கு பொறந்ததுலேருந்து மூளை வளர்ச்சி கம்மி. அவருக்கு பொத்தான் போடணும். குளிக்க வெக்கணும். சோறு போட்டு, போதும்னு நீதான் சொல்லணும். உங்கிட்ட குடும்பம் நடத்த மாட்டாரு, புள்ள பொறக்காது. நாளைக்கு நான் செத்துட்டா மொத்தமும் உந்தலையிலதான். கொழந்தைய வளத்தாலும் அது பெருசாயிடும். இவரு ஆவ மாட்டாரு. இத உங்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அதான் நான் வந்தன்."

எழில்மதி டீயைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்தாள்.

"குடிப்பாருங்களா?"

"இல்ல."

"அடிப்பாருங்களா?"

"மாட்டக்கூட அடிக்க மாட்டாரு."

"அப்புறம் இன்னாங்கக்கா," என்றாள் எழில்மதி. "நான் வரன்."

ஜெயம்மாளுக்கு அந்த நொடியில் வந்தது சந்தோஷம். நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அப்பாடா, இனிமேல் செத்தாலும் பரவாயில்லை என்று மனசு சொன்னது. அதற்காக அவள் தன்னை இன்று வரை மன்னிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணுங்கக்கா," என்றாள் எழில்மதி குரலைத் தாழ்த்தி. "அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் என்ன தொரத்திட மாட்டாங்களே? இங்க திரும்பி வர முடியாதுங்க."

தொரத்துவார்கள். நிலம் அண்ணன் கையில், பெயர் எந்தத் தாளிலும் இல்லை, வயிற்றில் பிறந்தது ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே தொரத்துவார்கள். ஜெயம்மாளுக்கு அது கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் தெரிந்தது. டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

முன்பக்கம் நாராயணசாமியும் வீரமணியும் நாள் பார்த்து முடித்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, கீழே ஒரு கோயிலில், காலை ஆறு மணிக்கு. எழில்மதி ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். பாவாடைக்கு மட்டும் கொடுக்காமல் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினாள். விரலை வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு அவன் இரண்டு கையையும் டம்ளரைச் சுற்றிப் பிடிக்கவைத்து, நழுவி விழுந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பாவாடை ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்து, "நல்லா இருக்குது" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இவள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்று ஜெயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள்கூட மோட்டார் கொட்டகையில் அடைக்க மாட்டாள். ஐம்பத்தெட்டு வயசில், இடுப்பு ஒடிந்து, கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே நிற்பாள். இப்படி ஒருத்தி கிடைத்ததும் சந்தோஷப்பட்டேனே என்று ஜெயம்மாளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கொளஞ்சியம்மாளும் அன்றைக்கு இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பாள்.

"இந்த ஆளு அடிப்பாரு," என்றாள் ஜெயம்மாள்.

டீ குடித்துக்கொண்டிருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"இன்னாம்மே சொல்ற?" என்றான் நாராயணசாமி.

"உனுக்கு இன்னாண்ணா தெரியும்? நீ வந்து பாத்தியா? பாக்கறதுக்கு சாது. வெறி புடிச்சா கண்ணு மண்ணு தெரியாது. கையில எது கெடச்சாலும் அடிப்பாரு." எழில்மதியிடம் திரும்பினாள். "அங்க உங்கிட்ட மறச்சிட்டன். இத பாரு." ஜாக்கெட் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்குமேல் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சுருங்கிப் பளபளத்தது. வெல்லம் காய்ச்சும் இடத்தில் கூலிக்கு நின்றபோது கொதிக்கிற கரும்புப்பால் கொட்டிய இடம் அது. "கொள்ளிக்கட்டையால இழுத்தாரு. இன்னும் இருக்குது, காட்டக்கூடாத எடத்துல."

எழில்மதி தழும்பைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். விறைத்த இரண்டு விரலையும் மற்றக் கையால் மூடிக்கொண்டு, சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போனாள்.

"எனக்கு வாணாம்ணா," என்றாள் வீரமணியிடம். "வாணாம். நான் இங்கியே கெடக்கறன்."

வீரமணியின் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். பாவாடை டம்ளரைப் பிடித்தபடி ஜெயம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கையில் இருந்த தழும்பைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் நாராயணசாமி வெடித்தான்.

"ஏன்டி பொய் சொன்ன? அவன் யாரயாச்சும் கை ஓங்கி நான் பாத்ததே இல்ல. உனுக்கு நல்லது பண்ணலாம்னு வந்தன் பாரு, என்ன செருப்பால அடிச்சிக்கணும். இனிமே எங்க வூட்டு பக்கம் வந்துடாத. ஆபரேஷனுக்கு நீயே போ. இவன இட்டுகினு போவியோ, கட்டிப் போட்டுட்டு போவியோ, உம்பாடு."

"போண்ணா," என்றாள் ஜெயம்மாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கழித்து அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது. பைக் புகை கக்கிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். நிழற்குடையில் சிமெண்டு பெஞ்சு ஒன்றுதான். ஜெயம்மாள் மூச்சு இரைக்க அதில் உட்கார்ந்தாள். ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருந்தது. அண்ணன் இல்லை, அண்ணி இல்லை, இல்லம் இல்லை, எழில்மதியும் இல்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தாள். என்னத்தைக் காப்பாற்றினாள்? அந்தத் தகர வீட்டில் அண்ணிக்காரிக்குத் தண்ணீர் சுமக்க விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை நினைத்தாலும் ஆறவில்லை.

அப்போதுதான் பாவாடை பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்தாள். தள்ளி, கம்பத்தருகே நின்றிருந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாய்யா, இங்க வந்து உக்காரு."

அவன் வரவில்லை.

"கைய இன்னா பண்ற?"

"அடிச்சிடும்," என்றான்.

சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றால் தொட மாட்டான். அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே என்றால் அவன் சாகும் வரை போக மாட்டான். இன்றைக்கு வெயில் என்றால் வெயில், மழை என்றால் மழை. அவள் வாயிலிருந்து வந்ததுதான் அவனுக்கு உலகம். நாலு பேர் நடுவில் நீ அடித்தாய் என்று அவள் சொன்னாள், அப்படியென்றால் அவன் அடித்திருக்கிறான். எப்போது, எதற்கு என்றெல்லாம் அவனுக்கு ஞாபகம் வர வேண்டியதில்லை.

எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தாள். அவன் ஒடுங்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனான்.

"யோவ், நீ அடிக்கலய்யா. நான் சும்மா சொன்னன். அந்த பொண்ணு வரக்கூடாதுன்னு சொன்னன். நீ என்ன தொட்டதுகூட இல்ல."

"நீதான் சொன்ன," என்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு அவன் உடம்பு அவள் பக்கம் சாயப் பார்த்தது. சாயாமல் இருக்கக் கால்களை முன்சீட்டில் முட்டுக் கொடுத்துக்கொண்டான். குரங்குகள் வந்தன. அவன் பார்க்கவில்லை.

அணை தெரிகிற இடத்தில் மெல்லக் குனிந்து அவள் கையைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இல்லய்யா. வலிக்கல. நீ அடிக்கவே இல்ல, அது கரும்புப்பால் கொட்டனது. சத்தியமா சொல்றன்."

பாவாடை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பொய்யி," என்றான்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்னதை அவன் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை.